நாற்பதுக்குப் பின் ஒரு கேள்வி

(எமது மன்றத்தின் ஆண்டுவிழாவிலே நிலாவெளியில் நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

 

மன்றச் செயலாளர் தம்பி சென்ற மாதம் என் வீட்டுக்கு வந்து, "அண்ணை, இந்தமுறை நீங்கள் சினிமாவைப் பற்றிப் பேசவேணும்" என்று கேட்டபோது நான் சற்றுத் தயங்கினேன். புராணங்களைப் பற்றியும் சித்தாந்தத்தைப் பற்றியும் அறிஞர்கள் பேசுகின்ற சபையிலே சினிமாவுக்கு என்ன வேலை என்று பெரியவர்கள் முகஞ் சுளிக்கக் கூடும். ஆனால் நான் பேச வந்தது நடிகர் நடிகையரைப் பற்றியன்று. நாற்பது வயதைத் தாண்டிய மனிதன் ஒவ்வொருவனுடைய நெஞ்சிலும் இரவு வேளையில் வந்து தட்டுகின்ற ஒரு கேள்வியைப் பற்றியே பேச விரும்புகிறேன். நான் யார்? இதுவரை என்ன செய்தேன்? நான் போன பின் என்னால் மிஞ்சுவது எது? இதுவே அக்கேள்வி.

நம் முன்னோர் இக்கேள்வியை அறியாதவர்களல்லர். பிரமசரியம், கிருகத்தம், வானப்பிரத்தம், சந்நியாசம் என்று வாழ்வை நான்காக வகுத்தபோது, இரண்டாவதிலிருந்து மூன்றாவதுக்குக் கால் வைக்கின்ற இடம் ஒன்று உண்டு என்பதை உணர்ந்தே வகுத்தனர். பிள்ளைகள் வளர்ந்து விடுகிறார்கள். கை உழைத்துக் களைத்து விடுகிறது. மனம் திரும்பிப் பார்க்கிறது. அந்த இடத்திலே நின்றவர் இருவருடைய கதையை முதலிற் சொல்லுகிறேன். இருவரும் திரைப்படக் கலைஞர்கள். ஒருவர் நமது திருகோணமலைக் கடலிலே மூழ்கி எழுந்தவர். மற்றவர் நமது கிழக்கு மாகாணத்திலே, மட்டக்களப்பிலே பிறந்தவர். அதன் பின்னர், உங்கள் அனுமதியோடு, எனது சொந்தக் கதையிலும் ஒரு சிறு பகுதியைச் சொல்லுகிறேன்.

1956 ஆம் ஆண்டை நினைத்துப் பாருங்கள். அந்த ஆண்டு என்றவுடனே நம் பெரியவர்களுக்கு வேறொரு ஞாபகம் வரும். தனிச் சிங்களச் சட்டம் வந்த ஆண்டு அது. அதை நான் இங்கே விரிக்கவில்லை. அதே ஆண்டிலே இரண்டு வெள்ளைக்காரர் நமது கடலுக்கு வந்தனர். ஒருவர் விண்வெளிக் கதைகளால் உலகப் புகழ் பெற்ற ஆதர் சி. கிளார்க். மற்றவர் அவருடைய நண்பர் மைக் வில்சன்; அப்போது இருபதுகளின் தொடக்கத்தில் இருந்த இளைஞர். நீர்மூழ்குவதிலும் நீருக்கு அடியிற் படமெடுப்பதிலும் வல்லவர். சுவாமிமலையின் அடிவாரத்திலே, கடலுக்குள் மூழ்கிப் பார்த்த அவர்கள் கண்டவை என்ன? செதுக்கிய கற்றூண்களும் சிதைந்த கோயிற் கற்களும்! 1620களிலே போர்த்துக்கேயர் நமது கோணேசர் ஆலயத்தை இடித்தபோது கடலில் விழுந்த கற்கள் அவை. இடித்த கற்களிற் பலவற்றைக் கொண்டு அவர்கள் கோட்டை கட்டினார்கள் என்பதும் நீங்கள் அறிந்ததே. ஞானசம்பந்தப் பெருமான் பதிகம் பாடிய தலத்தின் கற்கள், மூன்று நூற்றாண்டுக்கு மேலாக மீனுக்கும் பாசிக்கும் இடையிலே கிடந்தன. அந்த அனுபவத்தை கிளார்க் 1957 இல் வெளிவந்த தமது நூலிலே எழுதினார்.

அதற்கு ஆறு ஆண்டுகளுக்கு முன், 1950 இலே, திருகோணமலை நகரசபையார் கிணறு தோண்டியபோது சோமாஸ்கந்தர் முதலிய செப்புத் திருமேனிகள் மண்ணிலிருந்து வெளிப்பட்டன. மண்ணும் கொடுத்தது, கடலும் கொடுத்தது. 1963 இலே புதிய ஆலயத்திற்குக் கும்பாபிஷேகம் நடைபெற்றது. வில்சன் கடலடியிலிருந்து வெளிக்கொணர்ந்த இலிங்கம் ஒன்று அங்கே வழிபடப்படுகிறது என்றும் சொல்வார்கள்.

மைக் வில்சன் அத்தோடு நிற்கவில்லை. 1962 இலே 'ரன் முத்து தூவ' என்ற சிங்களப் படத்தை இயக்கினார். வண்ணத்திலே வந்த முதற் சிங்களப் படம் அதுவே. நீருக்கடியில் எடுத்த காட்சிகளை இந்நாட்டு மக்கள் தியேட்டரிலே கண்டு வியந்ததும் அப்படத்திலேதான். காமினி பொன்சேகா நடித்தார், அமரதேவ இசையமைத்தார். படம் பெரு வெற்றி பெற்றது. பின்னர் 1967 இலே ஜேம்ஸ் பொண்டைப் பகிடி பண்ணி ஒரு படமும் எடுத்தார். பணம், புகழ், நண்பர் கூட்டம் எல்லாம் இருந்தன.

அப்படிப்பட்ட மனிதர் 1970களின் தொடக்கத்திலே, நாற்பதை நெருங்குகின்ற வயதிலே, கமெராவைக் கீழே வைத்து விட்டார். காவி உடுத்தார். சுவாமி சிவகல்கி என்று பெயர் பூண்டார். கதிர்காமக் கந்தனே கதியென்று வாழ்ந்து 1995 இலே மறைந்தார்.

நண்பர்களே, இதைக் கேட்டவுடனே "ஆகா, வெள்ளைக்காரனே நம் சமயத்துக்கு வந்துவிட்டான்" என்று கைதட்டுவது எளிது. நான் அதற்காக இதைச் சொல்லவில்லை. துறவு என்பது உற்றாரையும் விட்டுப் போவதாகும். போனவருக்குக் கிடைத்த அமைதியை நாம் பேசுகிறோம்; விடப்பட்டவருக்கு உண்டான நோவை யார் பேசுகிறார்? அதை அளப்பதற்கு நமக்கு உரிமையில்லை. நான் கவனிப்பது ஒன்றே. மற்றவர்களுக்குக் கடலடியைக் காட்டிய மனிதர், தம் உள்ளத்தின் அடியிலே என்ன கிடக்கிறது என்று ஒருநாள் பார்க்க வேண்டியதாயிற்று. படம் எடுப்பது அந்தக் கேள்விக்கு அவருக்குப் போதுமான விடையாக இருக்கவில்லை.

இனி இரண்டாமவரைப் பார்ப்போம். மட்டக்களப்பை அடுத்த அமிர்தகழியிலே 1939 இலே பிறந்தவர் பாலு மகேந்திரா. பள்ளிக்கூடப் பருவத்திலே, டேவிட் லீன் என்ற ஆங்கில இயக்குநர் இலங்கையிலே 'குவாய் நதிப் பாலம்' படத்தை எடுத்துக்கொண்டிருந்ததை அவர் பார்த்தாராம். 1956 இன் கடைசியிலும் 1957 இலும் கித்துல்கலையிலே எடுத்த படம் அது. இயக்குநர் "மழை" என்று உத்தரவு கொடுத்தார்; உடனே மழை கொட்டியது. வானத்து மழையன்று, குழாய் மழை! ஆனாலும் ஒரு மனிதன் சொல்ல மழை பெய்கிறதே என்ற வியப்பு அந்தப் பிள்ளையின் நெஞ்சிலே பதிந்து விட்டது. தாமும் ஒருநாள் மழை பெய்விக்க வேண்டும் என்று எண்ணினார். இதைப் பிற்காலத்திலே அவரே பலமுறை சொல்லியிருக்கிறார்.

கொழும்பிலே படவரைஞராக வேலை பார்த்தார். 'தேனருவி' என்ற இலக்கியச் சஞ்சிகையை நடத்தினார். 1966 இலே புனா திரைப்படக் கல்லூரிக்கு விண்ணப்பித்தார். இயக்குநர் வகுப்பிலே இடங் கிடைக்கவில்லை. ஒளிப்பதிவு வகுப்பிலே சேர்ந்தார். இளைஞர்களே, இதைக் கவனியுங்கள். கேட்டது கிடைக்கவில்லை என்று அவர் திரும்பி வரவில்லை. கிடைத்ததை எடுத்துக்கொண்டு 1969 இலே தங்கப் பதக்கத்தோடு வெளியேறினார். 1974 இலே வந்த 'நெல்லு' என்ற மலையாளப் படத்தின் ஒளிப்பதிவுக்குக் கேரள மாநில விருது கிடைத்தது. 1977 இலே 'கோகிலா' என்ற கன்னடப் படத்தை இயக்கினார். அப்போது அவருக்கு வயது முப்பத்தெட்டு. மழை பெய்விக்க ஆசைப்பட்ட பிள்ளை முப்பத்தெட்டு வயது வரை காத்திருந்தார்!

இனித்தான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி வருகிறது. நாற்பதாவது வயதிலே, 1979 இலே, அவர் தமிழிலே எடுத்த முதற் படம் 'அழியாத கோலங்கள்'. அது மூன்று சிறுவர்களின் கதை. தமது பிள்ளைப் பருவத்தையே அவர் அதிலே தேடினார். 1982 இலே 'மூன்றாம் பிறை' வந்து பெயரும் விருதும் தந்தது. நாற்பத்தொன்பதாவது வயதிலே, 1988 இலே, 'வீடு' வந்தது. நடுத்தரக் குடும்பத்துப் பெண்ணொருத்தி ஒரு சிறு வீடு கட்டப் படும் பாடே கதை. அதிலே பாட்டு இல்லை, சண்டை இல்லை. தம் தாயார் வீடு கட்டியபோது பட்ட துன்பத்தின் நினைவே அதற்கு வித்து என்று அவர் கூறியதுண்டு. சொக்கலிங்க பாகவதர் என்ற முதிய நாடகக் கலைஞர் அதிலே பாட்டனாராக வந்து, பாதி கட்டிய வீட்டைப் பார்க்கப் போகின்ற காட்சியை ஒருமுறை பார்த்தவர் மறக்கமாட்டார். அப்படத்துக்காகக் கட்டிய கட்டடத்திலேதான் பிற்காலத்தில் அவர் தமது சினிமாப் பட்டறையை நடத்தி இளைஞருக்குக் கலை சொல்லிக் கொடுத்தார் என்பர். பாலா, வெற்றிமாறன், ராம், சீனு ராமசாமி ஆகிய இயக்குநர்கள் எல்லாம் அவரிடம் இருந்து பழகியவர்களே.

மைக் வில்சன் நடுவயதிலே கலையை விட்டு வெளியே போனார். பாலு மகேந்திரா நடுவயதிலே கலைக்குள்ளே இன்னும் ஆழமாகப் போனார். ஒருவர் பெயரையே மாற்றிக்கொண்டார். மற்றவர் தாயின் ஞாபகத்தைத் தேடினார். எது சரி, எது பிழை என்று கேட்காதீர்கள். இரண்டும் ஒரே கேள்விக்குச் சொன்ன இரு விடைகள்.

ஆனால் பாலு மகேந்திராவின் வாழ்விலும் ஆறாத குறை ஒன்று உண்டு. தாம் பிறந்த மண்ணைக் களமாக வைத்து அவர் ஒரு படமேனும் இயக்கவில்லை. மற்றொரு குறையை அவரே மேடையிற் சொல்லி வருந்தினார். 'வீடு', 'சந்தியா ராகம்' ஆகிய படங்களின் நெகற்றிவ் சுருள்கள் இன்று இல்லை, பேணுவாரின்றிக் கெட்டுப்போயின. படங்களைக் காப்பதற்கு ஒரு காப்பகம் வேண்டும் என்று கடைசிக் காலம் வரை கேட்டார். எழுபத்து நான்காவது வயதிலே, 2013 இலே, 'தலைமுறைகள்' என்ற படத்தை எடுத்து அதிலே பாட்டனாராகத் தாமே நடித்தார். தமிழ் பேசத் தெரியாத பேரப்பிள்ளைக்குப் பாட்டன் தமிழ் சொல்லிக் கொடுக்கின்ற கதை அது. தமிழையும் மறவாதே, என்னையும் மறவாதே என்பதே அந்தப் பாட்டன் பேரனிடம் கேட்பது. படம் வந்து இரண்டு மாதமும் ஆகவில்லை. 2014 பெப்ரவரி 13 ஆந் திகதி அவர் காலமானார்.

பார்த்தீர்களா, அன்பர்களே! கற்கோயில் கடலுக்குள் முந்நூறு ஆண்டு கிடந்தும் அழியவில்லை. பிலிம் சுருளோ முப்பது ஆண்டுகூடத் தாங்கவில்லை. நமது நாட்டிலே இதனிலும் கொடுமை நடந்தது. 1983 ஜூலையிலே கொழும்புக்கு வடக்கே ஹெந்தளையில் இருந்த விஜயா ஸ்ரூடியோ எரிக்கப்பட்டபோது, இந்நாட்டிலே எடுக்கப்பட்ட எத்தனையோ படச் சுருள்கள் சாம்பலாயின. எதற்காக ஒரு மனிதன் படம் எடுக்கிறான்? ஓடுகின்ற காலத்தைப் பிடித்து வைப்பதற்காக. ஆனால் பிடித்து வைத்த பாத்திரமே முதலில் உடைந்து போகிறது.

இப்போது என் கதைக்கு வருகிறேன்.

நான் ஐம்பத்தைந்தைத் தாண்டியவன். உங்களுக்கெல்லாம் என்னை "வீடியோக்கார அண்ணை" என்று தெரியும். 1990களிலே திருகோணமலை நகரத்தில் ஒருவரிடம் வேலை பழகி, கடன்பட்டு ஒரு வீடியோக் கமெரா வாங்கினேன். அந்தக் காலத்திலே கமெராவோடு வீதியில் இறங்குவதென்றால், ஒவ்வொரு சோதனைச் சாவடியிலும் பெட்டியைத் திறந்து காட்டவேண்டும். கலியாணம், சாமத்தியச் சடங்கு, கோயில் திருவிழா, பள்ளிக்கூட விளையாட்டுப் போட்டி எல்லாவற்றையும் எடுத்தேன். வீட்டிலே ஒரு மர அலுமாரி நிறைய நாடாக்கள் இருந்தன.

உண்மையைச் சொல்லுகிறேன்: எனக்கு அந்த வேலையிலே வெட்கம். நான் இயக்குநராக வேண்டும் என்று கனாக் கண்டவன். நிலாவெளிக் கடற்கரையிலே கரைவலை இழுக்கிறவர்களை வைத்து ஒரு படம் எடுக்க வேண்டும் என்று கொப்பி கொப்பியாக எழுதி வைத்திருந்தேன். கலியாண வீட்டிலே சாப்பாட்டுப் பந்தியைப் படமெடுக்கும்போதெல்லாம், "இதுவா என் கலை?" என்று மனம் குமுறும்.

2004 டிசம்பர் 26 ஆந் திகதி. அந்த நாளைப் பற்றி உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. இங்கிருக்கிற எந்த வீட்டிலே இழப்பு இல்லை? எங்கள் வீட்டிலே உயிர் தப்பினோம். அலுமாரி போயிற்று, நாடாக்கள் போயின, கொப்பிகளும் போயின. ஒரு வாரங் கழித்து மணலுக்குள் இருந்து இழுத்தெடுத்த நாடாவிலே உப்புத் தண்ணீர் ஒழுகியது.

அதன் பின்னர் மக்கள் என்னைத் தேடி வரத் தொடங்கினார்கள். பணங் கேட்டோ அரிசி கேட்டோ அன்று. ஒரு தாய் வந்து, "தம்பி, என்ரை பிள்ளையின்ரை படம் ஒண்டும் இல்லை. வீட்டிலை இருந்த அல்பமும் போட்டுது. நீ எடுத்த கசெற் ஏதும் மிஞ்சிக் கிடக்கோ?" என்று கேட்டா. நான் தலையைக் குனிந்துகொண்டு நின்றேன். ஒருவர் இருவரல்லர், பலர் வந்தார்கள். அதுவரை என் வேலையைப் பற்றி வெட்கப்பட்டுக்கொண்டிருந்தவன், அன்றைக்குத்தான் அதைக் காப்பாற்றாமல் விட்டதைப் பற்றி வெட்கப்பட்டேன்.

நகரத்திலே ஒரு சிநேகிதர் வீட்டில் நான் இரவல் கொடுத்த நாடா ஒன்று இருந்தது. சில ஆண்டுகளுக்கு முன் எடுத்த தேர்த் திருவிழா. அதைப் போட்டுப் பார்த்தேன். தேர் வருகிறது, கூட்டம் வருகிறது. இடையிலே எனக்குத் தண்ணீர் விடாய்த்தபடியால் கமெராவை நிறுத்தாமலே தண்ணீர்ப் பந்தல் பக்கம் திரும்பியிருக்கிறேன். எடுத்த காலத்தில் வெட்டி எறிய வேண்டிய பிழை என்று நினைத்த துண்டு அது. அந்தத் துண்டிலே, அந்தத் தாயின் மகள் மோர் வார்த்துக் கொடுக்கிறாள். என்னைப் பார்த்துச் சிரித்து, ஒரு பேணியை நீட்டுகிறாள். ஏழு விநாடி, அவ்வளவுதான்.

அந்த அம்மாவைக் கூட்டி வந்து காட்டினேன். திருப்பிப் போடச் சொன்னா. திருப்பித் திருப்பிப் போட்டேன். எத்தனை தரம் என்று எண்ணவில்லை. அழவில்லை அவ. கடைசியிலே எழும்பி, "மோர் குடிச்சனியோ தம்பி?" என்று கேட்டா. "ஓம் அம்மா, குடிச்சனான்" என்றேன். "அப்ப சரி" என்று சொல்லிப் போட்டுப் போனா.

அந்த நாடாவிலே என் பெயர் எங்கும் இல்லை. யார் எடுத்தது என்று யாரும் கேட்கப் போவதுமில்லை. ஆனால் என் வாழ்விலே நான் எடுத்த படங்களுள் எது மிஞ்சும் என்று என்னைக் கேட்டால், அந்த ஏழு விநாடியைத்தான் சொல்வேன்.

யப்பானிய இயக்குநர் அகிரா குரோசவா தமது நாற்பத்திரண்டாவது வயதிலே, 1952 இலே, 'இகிரு' என்று ஒரு படம் எடுத்தார். 'வாழ்தல்' என்பது பொருள். காகிதத்துக்கு முத்திரை குத்தியே காலங் கழித்த ஒரு நகரசபை உத்தியோகத்தர், தமக்குப் புற்றுநோய் என்று அறிகிறார். இருக்கிற சில மாதத்திலே, குழந்தைகள் விளையாட ஒரு சிறு பூங்காவை அமைத்துவிட்டு இறக்கிறார். செத்த வீட்டிலே மேலதிகாரிகள் பெருமையைத் தங்களுக்கு எடுத்துக்கொள்கிறார்கள். அதனால் என்ன? பூங்காவிலே பிள்ளைகள் ஊஞ்சலாடுகிறார்கள். பெயர் மிஞ்சுவது வேறு. பயன் மிஞ்சுவது வேறு. நடுவயதின் கேள்விக்கு நான் கண்ட விடை இவ்வளவே.

ஆகவே இளைஞர்களே, உங்களிடம் மூன்று விண்ணப்பங்கள். இன்று உங்கள் ஒவ்வொருவர் கையிலும் தொலைபேசியிலே கமெரா இருக்கிறது. மைக் வில்சனுக்கும் எனக்கும் கிடையாத வசதி அது. முதலாவது, உங்கள் வீட்டுப் பாட்டன் பாட்டியிடம் போய் இருந்து, அவர்கள் பேசுவதைப் பதிவு செய்யுங்கள். கரைவலை இழுக்கும்போது பாடிய அம்பாப் பாட்டு, வெங்காயத் தோட்டத்துக் கதை, இடம்பெயர்ந்த நாட்களின் கதை, இறந்தவர்களின் பெயர் எல்லாம் அவர்கள் நெஞ்சிலே இருக்கின்றன. இரண்டாவது, எடுத்ததிலே யார், எந்த ஊர், எந்தத் திகதி என்று எழுதி வையுங்கள். பெயரில்லாத முகம் இரண்டு தலைமுறையிலே அந்நியமாகிவிடும். மூன்றாவது, ஒரு பிரதியை ஊரிலும் ஒரு பிரதியை ஊருக்கு வெளியிலும் வையுங்கள். இதை நான் படித்துச் சொல்லவில்லை, பட்டுச் சொல்லுகிறேன். இம்மன்றம் அதற்கென ஓர் அலுமாரி வைக்குமானால், முதற் பொருளாக அந்தத் தேர்த் திருவிழா நாடாவின் பிரதியை நானே தருகிறேன்.

பெரியவர்களே, உங்களிடம் ஒன்று. பிள்ளைகள் வந்து கேட்கும்போது "என்னட்டை என்ன கிடக்கு, போ" என்று சொல்லிவிடாதீர்கள். கோணேசர் கோயிற் கல்லும் கடலடியிலே அப்படித்தான் கிடந்தது. ஒருவர் மூழ்கிப் பார்க்கும் வரைக்கும் அது வெறுங் கல். பார்த்த பின்னர்தான் அது கோயில்.

கரைவலைப் படம் என்னாயிற்று என்று சிலர் கேட்பீர்கள். கொப்பிகள் கடலோடு போயின. ஆனால் மறுபடியும் எழுதத் தொடங்கியிருக்கிறேன். இந்த வயதிலா என்று என் மனைவி சிரிக்கிறா. பாலு மகேந்திரா எழுபத்து நான்கிலே நடிக்க வந்தார் என்று அவவுக்குப் பதில் சொல்லியிருக்கிறேன். படம் எடுத்து முடிப்பேனோ தெரியாது. வலை இழுக்கத் தெரிந்த இளைஞர் நால்வரும், அம்பா பாடத் தெரிந்த முதியவர் ஒருவரும் வந்தால், நாளைக்கே கடற்கரையில் நிற்பேன்.

எல்லாம் வல்ல கோணேசப் பெருமானின் திருவருள் உங்கள் அனைவருக்கும் கிட்டுவதாக.